கார் ஓட்டுவதை நிறுத்திய 74 வயது அப்பா: ஜாலான் ஈப்போவிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் இனி எப்படிப் போவது?

ஈப்போசாலை_மகள் கேட்டது:

வணக்கம். அப்பாவுக்கு 74 வயது. இரண்டு கண்ணிலும் குளுக்கோமா, பக்கப் பார்வை குறைந்துவிட்டது. இனி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், சாவியும் கைமாறிவிட்டது. அதில் சண்டை ஒன்றும் இல்லை. இனிமேல் அவர் எப்படி வெளியே போய்வருவது என்பதுதான் கேள்வி.

வீடு கோலாலம்பூரில் ஜாலான் ஈப்போவை ஒட்டிய தாமான் (குடியிருப்பு). எம்.ஆர்.டி. ஜாலான் ஈப்போ நிலையம் 1.2 கிலோமீட்டர். கைத்தடியோடு 400 மீட்டர்வரை நடப்பார், அதற்கு மேல் முட்டி ஒத்துழைக்காது. கையில் இருப்பது பட்டன் போன். ஸ்மார்ட்போன் வேண்டவே வேண்டாம் என்கிறார். வேலை நாளில் பிள்ளைகள் யாரும் கூடப் போக முடியாது.

போகவேண்டிய இடங்கள்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெரிய ஆஸ்பத்திரி (எச்.கே.எல்.) கண் கிளினிக், மாதாமாதம் அங்கேயே மருந்து எடுக்க, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கிளினிக் கெசிஹாத்தான் (அரசு சுகாதாரக் கிளினிக்), வெள்ளிக்கிழமை பக்கத்துக் கோயில், மாதம் ஒருமுறை பத்துமலை, வாரம் இரண்டு நாள் பாசார் (சந்தை), எப்போதாவது பிரிக்ஃபீல்ட்ஸில் நண்பர்கள்.

மாதம் 250 வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்கலாம். அவருடைய மைவி 1.5 கார் வாசலில் சும்மா நிற்கிறது. ரயிலா, செயலியில் கூப்பிடும் கிரேப் காரா, வேறு ஏதாவது இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


தண்டவாளம் எழுதியது:

தங்கச்சி, இடம் நல்ல இடம். புத்ராஜெயா தடம் 2023 மார்ச்சில் முழுசாகத் திறந்த பிறகு ஜாலான் ஈப்போவிலிருந்து எச்.கே.எல். வாசல் பக்கம்வரை ஒரே ரயில்தான். சைபர்ஜெயா, புத்ராஜெயா பக்கம் போகும் ரயிலில் ஏறினால் செந்தூல் பாராட், தித்திவங்சா, அடுத்தது ஹாஸ்பிட்டல் கோலாலம்பூர். மூன்றாவது நிறுத்தம். தித்திவங்சாவில் இறங்கிப் போகலாம் என்று பழைய ஆள்கள் சொல்வார்கள், கேட்காதீர்கள். அது இந்த நிலையம் வருவதற்கு முந்திய வழி. முட்டிவலிக்காரருக்கு அந்த நடை ஆகாது.

எம்.ஆர்.டி.யில் எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உண்டு, பிளாட்பாரமும் ரயில் தரையும் ஒரே மட்டம், பிளாட்பார ஓரத்தில் கண்ணாடிக் கதவும் உண்டு. குளுக்கோமாக்காரருக்கு இந்தக் கதவு பெரிய பாதுகாப்பு. மின்படியில் ஏறவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பார்வை வட்டத்தின் கீழ்ப்பகுதி போயிருந்தால் இறங்கும் மின்படியின் முதல் படி கண்ணிலேயே படாது. எப்போதும் லிஃப்ட்.

கட்டணம்: 60 வயது தாண்டிய குடிமக்களுக்கு ரேப்பிட் கேஎல் (எம்.ஆர்.டி.யை ஓட்டும் நிறுவனம்) ரயிலிலும் பஸ்ஸிலும் பாதி விலை. ஆனால் பணம் ஏற்றிப் பயன்படுத்தும் சாதாரண டச் என் கோ அட்டையைத் தட்டினால் முழு விலைதான் கழியும், வயது அதற்குத் தெரியாது. மைரேப்பிட் சலுகை அட்டை எடுத்தாகவேண்டும். எல்லா நிலையத்திலும் கொடுப்பதில்லை, எங்கே கொடுக்கிறார்கள் என்று உங்கள் நிலைய கவுண்டரில் முதலில் கேளுங்கள். மைகாட் (அடையாள அட்டை) அசலைக் கொண்டுபோங்கள், அப்பாவையும் கூட்டிப்போங்கள். அதுவே முதல் ஒத்திகை ஆகிவிடும். பாதி விலையில் ஜாலான் ஈப்போ - எச்.கே.எல். பயணம் ஒரு தே தாரிக் விலைகூட வராது.

அட்டை விஷயத்தில் பலர் மாட்டிக்கொள்ளும் ஒரு இடம்: பழைய மைகாட்டுக்குள்ளும் டச் என் கோ சிப் இருக்கிறது. மைகாட்டும் சலுகை அட்டையும் ஒரே பர்ஸில் வைத்துக்கொண்டு பர்ஸோடு தட்டினால் கதவு எதைப் படிக்கும் என்று சொல்ல முடியாது. உள்ளே போகும்போது ஒன்று, வெளியே வரும்போது இன்னொன்று படித்துவிட்டால் சிவப்பு விளக்குதான், அப்புறம் கவுண்டரில் நின்று விளக்கவேண்டும். சலுகை அட்டையைத் தனியாகக் கழுத்துக் கயிற்றில் மாட்டிவிடுங்கள். ஓரத்தில் இருக்கும் அகலக் கதவையே பயன்படுத்தச் சொல்லுங்கள். குறுகிய கதவில் கைத்தடி சிக்கும்.

பத்துமலைக்கு எதிர்ப்பக்கம் போகும் ரயில். கெந்தோன்மென், அடுத்து கம்போங் பத்து. அங்கே இறங்கி கே.டி.எம். கொம்யூட்டர் புறநகர் ரயிலுக்கு மாறவேண்டும். தாமான் வாஹ்யு, அடுத்து பத்துமலை, அதுவே கடைசி நிலையம், கோயில் வளாகத்தை ஒட்டியே இருக்கிறது. இரண்டும் வேறு வேறு நிறுவனம். எம்.ஆர்.டி. கதவில் தட்டி வெளியே வந்து, கொம்யூட்டரில் மறுபடி உள்ளே போகவேண்டும். ரேப்பிட்டின் பாதி விலை கே.டி.எம். கதவில் தானாக வராது. அங்கே கவுண்டரில் மைகாட்டைக் காட்டி வார்கா எமாஸ் (மூத்த குடிமக்கள்) கட்டணம் கேட்கவேண்டும்.

கொம்யூட்டரில் இரண்டு தொல்லை. எம்.ஆர்.டி. மாதிரி ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒன்று வராது. ஒன்றைத் தவறவிட்டால் அரை மணி நேரம், சில வேளை அதற்கும் மேல் உட்காரவேண்டும். அட்டவணையைப் பார்த்துவிட்டு வீட்டைவிட்டுக் கிளம்புங்கள். இரண்டாவது, பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் இடைவெளி இருக்கும், கண்ணாடிக் கதவும் கிடையாது. தடியை முதலில் பெட்டிக்குள் ஊன்றி, கைப்பிடியைப் பிடித்து, பிறகுதான் கால். தைப்பூச வாரத்தில் இந்த வழியை மறந்துவிடுங்கள். 272 படியெல்லாம் இந்த முட்டிக்கு வேண்டாம் என்று அவருக்கே தெரிந்திருக்கும், கீழேயே கும்பிட சந்நிதிகள் இருக்கின்றன.


நாலுசக்கரம் எழுதியது:

தண்டவாளம் அண்ணன் சொன்னது சரி, ஆனால் முதல் 1.2 கிலோமீட்டரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் தாண்டிவிட்டார். 400 மீட்டர் நடப்பவருக்கு நிலையம் 1.2 கிலோமீட்டரில் இருந்தால், ரயில் எவ்வளவு நன்றாக இருந்து என்ன?

அந்தத் துண்டுக்கு மூன்று வழி. எம்.ஆர்.டி. ஃபீடர் பஸ், அதாவது எண்ணுக்கு முன்னால் 'டி' இருக்கும் பஸ். கட்டணம் 1 வெள்ளி, சலுகை அட்டைக்குப் பாதி. நிறுத்தம் உங்கள் வாசலிலிருந்து 400 மீட்டருக்குள் இருக்கிறதா என்று கூகல் மேப்பில் அளக்காமல், அவருடைய நடையில் ஒருமுறை அளந்து பாருங்கள். காசு வாங்கமாட்டார்கள், அட்டை மட்டும்தான். இரண்டாவது ரேப்பிட் ஆன்-டிமாண்ட் வேன். அதைப் பற்றிக் கீழே வேறு யாராவது எழுதுவார்கள். மூன்றாவது கிரேப். குறுகிய ஓட்டம் சாதாரண நேரத்தில் 5 முதல் 8 வெள்ளிக்குள் முடியும். காலை 7 முதல் 9.30, மாலை 5 முதல் 7.30, மழை கொட்டும் நேரம், இந்த மூன்றிலும் விலை இரட்டிப்பாகலாம். அதைவிட மோசம், வண்டியே கிடைக்காமல் போகலாம். கிளினிக் நேரத்தை 10 மணிக்கு மேல் கேட்டு வாங்குவதே பாதிப் பணத்தை மிச்சப்படுத்தும்.

பட்டன் போன் ஒரு தடையே இல்லை. உங்கள் போனிலிருந்து வேறொருவருக்காக வண்டி கூப்பிடும் வசதி செயலியிலேயே இருக்கிறது. செய்யும் முறை:

பயணியின் எண் என்ற இடத்தில் அப்பாவின் எண்ணைப் போடுங்கள். உங்கள் எண் இருந்தால் டிரைவர் உங்களைக் கூப்பிடுவார், நீங்கள் கூட்டத்தில் இருப்பீர்கள், அப்பா வாசலில் நிற்பார். கட்டணம் உங்கள் கார்டில் கழியட்டும். அவர் சில்லறை தேடவேண்டாம். வண்டி ஒதுக்கப்பட்டதும் அவருக்குப் போன் செய்து இரண்டே விஷயம் சொல்லுங்கள்: வண்டியின் நிறம், எண் பலகையின் எண்கள். முழுப் பலகையையும் சொன்னால் நினைவில் நிற்காது. அவர் பலகையைப் படிக்க முடியாதவர் என்றால், ஏறுமுன் டிரைவர் வாயால் அப்பாவின் பெயரைச் சொல்லவேண்டும் என்று பழக்குங்கள். இவராகப் பெயரைச் சொல்லி "நீங்கதானே?" என்று கேட்டால் யாராக இருந்தாலும் ஆமாம் என்பார்கள்.

டிரைவருக்குக் குறிப்பு மலாயில் தட்டுங்கள். "பெனும்பாங் வார்கா எமாஸ், மாத்தா கூராங் நம்பாக், ஜாலான் பெர்லாஹான். தோலோங் பெர்ஹெந்தி பெத்துல்-பெத்துல் டெப்பான் பாகார் ஹிஜாவ்." முதியவர், பார்வை குறைவு, மெதுவாக நடப்பார், பச்சை வேலிக்கு நேர் முன்னால் நிறுத்துங்கள் என்பதுதான். எதிர்ச்சாரியில் நிறுத்திவிட்டுக் கையசைக்கும் டிரைவர்களால்தான் ஆபத்து. பக்கப் பார்வை இல்லாதவருக்குச் சாலையைத் தாண்டும்போது மோட்டார் வருவது தெரியாது.

எச்.கே.எல். என்று மட்டும் போட்டால் செயலி ஏதோ ஒரு வாசலைக் குறித்துவிடும். அது பல கட்டடங்கள் பரந்து கிடக்கும் இடம். தவறான வாசலில் இறங்கினால் 400 மீட்டர் அங்கேயே தீர்ந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்க் கண் கிளினிக் கட்டடத்தின் வாசலிலேயே நின்று, அந்தப் புள்ளியைச் சேமித்து வையுங்கள். ஏறும் புள்ளி வேறு, இறங்கும் புள்ளி வேறு. இரண்டையும் தனித்தனிப் பெயரில். வண்டி வந்தபின் சில நிமிடத்துக்கு மேல் காக்கவைத்தால் கட்டணம் ஏறும், அல்லது ரத்தாகும். மெதுவாக நடப்பவர் வாசலுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் வண்டியைக் கூப்பிடவேண்டும். கூப்பிட்டுவிட்டுச் செருப்பைத் தேடக்கூடாது.


நலன்_மேசை எழுதியது:

இரண்டு பேரும் பயணத்தை எப்படிச் செய்வது என்று சொன்னார்கள். எந்தப் பயணம் தேவையே இல்லை என்பதைப் பார்த்துவிட்டு மீதிக்குக் கணக்குப் போடுங்கள் அக்கா.

மாதாந்திர மருந்துப் பயணத்தை வெட்டலாம். அரசு ஆஸ்பத்திரிகளில் தொடர் மருந்துக்கு இரண்டு ஏற்பாடு இருக்கிறது. ஒன்று உபாட் மெலாலூயி போஸ், அஞ்சலில் வீட்டுக்கு வரும், அனுப்புக் கட்டணம் மட்டும் நாம் கட்டுவோம். இன்னொன்று எஸ்.பி.யு.பி.; எச்.கே.எல். சீட்டைக் காட்டி வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானில் வாங்கிக்கொள்ளலாம். முதல் மாத மருந்தை மட்டும் எச்.கே.எல். கவுண்டரில் எடுக்கவேண்டும், அப்போதே அடுத்த மாதங்களுக்குப் பதிந்துவிடலாம்.

இதில் குளுக்கோமாக்காரர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று. திறக்காத லட்டானோப்ராஸ்ட் சொட்டு 2 முதல் 8 டிகிரிக்குள், அதாவது குளிர்பெட்டியில் இருக்கவேண்டிய மருந்து. அஞ்சல் பைக்குள் ஒரு மதியம் கிடந்தால் அதன் கதி தெரியும். இன்சுலினும் அப்படியே. டிமோலோல் மாதிரிச் சொட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அப்பாவின் சீட்டைப் பாருங்கள். லட்டானோப்ராஸ்ட் இருந்தால் அஞ்சல் வேண்டாம், எஸ்.பி.யு.பி. கேளுங்கள், பக்கத்துக் கிளினிக்கில் அந்த மருந்து வரவழைப்பார்களா என்பதை மருந்தகத்தில் முன்கூட்டியே உறுதிசெய்யுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தச் சந்திப்புத் தேதியோடு சேர்த்துவிட்டால் ஒரே நாளில் இரண்டும் முடியும். வாங்கி வரும்போது ஒரு சிறிய குளிர்ப்பை, உள்ளே ஒரு ஐஸ் பாக்கெட், சொட்டுப் புட்டி நேரடியாக ஐஸைத் தொடாமல் துணி சுற்றி.

கண் கிளினிக் நாளைத் தனியாகப் பாருங்கள். கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு போட்டால் நான்கு, ஆறு மணி நேரம் பக்கத்தில் உள்ளது மங்கும், வெயில் கூசும். காலையில் ரயிலில் தனியாகப் போனவரே திரும்பும்போது கதவில் எங்கே தட்டுவது என்று தடவுவார். அன்று போகும்போது ரயில், திரும்பும்போது வாசலிலிருந்து வாசலுக்குக் கார். கருப்புக் கண்ணாடியும் தொப்பியும் பையில். வெறும் பார்வைப்புலச் சோதனைக்கு மட்டும் கூப்பிட்டிருந்தால் பெரும்பாலும் சொட்டு இருக்காது. தேதி அட்டையில் எந்தச் சோதனை என்று எழுதியிருக்கும், புரியவில்லை என்றால் கிளினிக்குக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

அடுத்து ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டை. 60 வயது சலுகை இருக்கும்போது இது எதற்கு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கட்டணப் பாதி ஒரே அளவுதான், ஆனால் ரேப்பிட்டின் மொபிலிட்டி வேன், வீட்டு வாசலுக்கு வந்து ஏற்றிப்போகும் சேவை, ஓகேயு அட்டை உள்ளவர்களுக்குத்தான். முன்பதிவு கட்டாயம், அதே நாளில் கேட்டால் கிடைக்காது. ஜே.கே.எம். (சமூகநலத் துறை) கணக்கில் கண்ணாடி போட்ட பிறகும் இரண்டு கண்ணிலும் பார்வை அளவு 6/18க்குக் கீழே, அல்லது பார்வைப்புலம் மையத்திலிருந்து 20 டிகிரிக்கும் குறைவு என்றால் பார்வைக் குறைபாட்டுப் பிரிவில் பதியலாம். குளுக்கோமாவில் நேர்ப்பார்வை நன்றாகவே இருக்கும், அதனால் அட்டை கிடைக்காது என்று நினைப்பது தப்பு. இரண்டாவது அளவை அதற்குத்தான் இருக்கிறது. படிவத்தை ஜே.கே.எம். அலுவலகத்திலோ ஓகேயு பதிவுக்கான எஸ்.எம்.ஓ.கே.யு. இணையத்திலோ எடுத்து, கண் டாக்டரிடம் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். சமீபத்திய பார்வைப்புலச் சோதனைத் தாளின் நகலை இணைத்தால் படிவம் திரும்பி வராது.

தனியாக வாழும் முதியவர்களை கிளினிக்குக்கு ஏற்றிப்போக ஜே.கே.எம். கீழே யூனிட் பென்ஞாயாங் வார்கா எமாஸ் என்று ஒரு சேவை இருக்கிறது. உங்கள் அப்பா பிள்ளைகளோடு இருக்கிறார் என்றால் அவருக்குப் பொருந்தாது. படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வட்டார சமூகநல அலுவலகத்தில் உங்கள் பகுதிக்கு வண்டி இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் தாலியான் காசே உதவித் தொலைபேசி 15999.

மைவி பற்றி: 1.5க்குச் சாலைவரி ஆண்டுக்கு 90 வெள்ளி, அது பெரிதில்லை. இன்சூரன்ஸ், பேட்டரி, நின்றே காய்ந்துபோகும் டயர், இவைதான் தின்னும். நீங்களோ தம்பியோ வார இறுதியில் அப்பாவை அதில் கூட்டிப்போவதாக இருந்தால் வைத்திருங்கள். இல்லையென்றால் விற்றுவிட்டு அந்த இன்சூரன்ஸ் பணத்தை அவருடைய பயணக் கணக்கில் போடுங்கள். பெயர் மாற்றும்போது அவருடைய என்.சி.டி. (இழப்பீடு கேட்காததற்கான இன்சூரன்ஸ் தள்ளுபடி) வண்டியோடு போகாது, அது ஆளுக்கு உரியது. 55 விழுக்காடு தள்ளுபடி உங்கள் பெயருக்குத் தானாக வரும் என்று எண்ணிக் கணக்குப் போடாதீர்கள்.


ஈப்போசாலை_மகள் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சீட்டில் லட்டானோப்ராஸ்ட்தான், எஸ்.பி.யு.பி. கேட்கிறேன். இன்னும் மூன்று கேள்வி. 50 வெள்ளி மாதப் பாஸ் எடுத்தால் கணக்கு முடிந்துவிடாதா? ஆன்-டிமாண்ட் வேன் அவருக்கு ஒத்துவருமா? அப்புறம், காரில் பின்சீட்டில் ஏறி இறங்குவதே அவருக்குப் பெரும்பாடு. என்ன செய்யலாம்?


ஒருவெள்ளிவேன் எழுதியது:

நீங்கள் கேட்ட மாதப் பாஸ், மை50, உங்களுக்கு நஷ்டம். 30 நாளைக்கு ரேப்பிட் கேஎல் ரயில், பஸ் எல்லாம் வரம்பில்லாமல் 50 வெள்ளி, குடிமக்களுக்கு மட்டும். தினமும் வேலைக்குப் போகிறவருக்கு அருமையான பாஸ். அப்பாவுக்குப் பாதி விலையில் ஒரு பயணம் 1 வெள்ளிக்கு அருகில் என்று வைத்தால்கூட, 50 முறை ஏறினால்தான் முதல் தேறும். நீங்கள் எழுதிய பட்டியலில் ரயில், பஸ் பயணம் மாதத்துக்கு ஐம்பதை எட்டாது. கொம்யூட்டருக்கு இந்தப் பாஸ் செல்லாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சலுகை அட்டையில் 20 வெள்ளி ஏற்றி வையுங்கள், தீரத் தீர நிரப்புங்கள்.

ஆன்-டிமாண்ட் வேன் 1 வெள்ளி கட்டணத்தில் தொடங்கிய சேவை. பெயரைக் கேட்டு வீட்டு வாசலுக்கு வரும் என்று நினைக்கவேண்டாம். மண்டலம் மண்டலமாக ஓடும், மண்டலத்துக்குள் குறித்த புள்ளிகளில்தான் ஏற்றி இறக்கும். உங்கள் தாமான் எந்த மண்டலத்திலாவது வருகிறதா, வந்தால் ஏறும் புள்ளி வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், இரண்டையும் செயலியில் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். புக் செய்வது நீங்கள்தான், ஆனால் நிறுத்தத்தில் நிற்பது அவர். வேன் வரும் நேரம் மாறிக்கொண்டே இருக்கும். வழியில் வேறு ஆளை ஏற்றினால் தள்ளிப்போகும். நீங்கள் திரையைப் பார்த்து அவருக்குப் போனில் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். பாசாருக்கும் கோயிலுக்கும் சரி. மணிக்கணக்கு உள்ள கிளினிக் நாளுக்கு நம்பாதீர்கள்.

வேனின் படி உயரம். ஒரு மரப்பலகையோ கோயில் படியோ 30 சென்டிமீட்டர் அளவில் பார்த்து, கைப்பிடியோடு ஏறச் சொல்லிப் பாருங்கள். அதில் ஏற முடியாதவருக்கு இது வேலைக்கு ஆகாது.

ஊருக்குள் வந்தபின் பாசார் சேனி, மஸ்ஜித் இந்தியா பக்கம் சுற்ற கோ கேஎல் பஸ் இருக்கிறது, குடிமக்களுக்கு இலவசம், மைகாட் கையில் இருக்கட்டும். அதற்காகவே யாரும் வீட்டைவிட்டுக் கிளம்பமாட்டார்கள், போன இடத்தில் கிடைத்தால் ஏறலாம்.


முட்டி_மருத்துவம் எழுதியது:

காரில் ஏறும் விஷயம் மட்டும் சொல்கிறேன்.

பின்சீட் வேண்டாம், முன் இடப்பக்கச் சீட். டிரைவரிடம் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, முதுகுப் பலகையை ஒரு கை சாய்க்கச் சொல்லுங்கள். கார் நடைபாதை விளிம்பிலிருந்து ஓரடி தள்ளி நிற்கவேண்டும். விளிம்பை ஒட்டி நின்றால் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு உட்காருவது போல ஆகும், முட்டி முழுக்க மடங்கும்.

ஏறும்போது ஒரு காலை உள்ளே வைத்துத் தலையைக் குனிந்து நுழையும் பழக்கத்தை விடச் சொல்லுங்கள். அப்போது உடல் எடை முழுக்க ஒரே முட்டியில் திருகி நிற்கும், வலி அதனால்தான். முதுகைச் சீட்டுக்குக் காட்டி நிற்கட்டும். இரண்டு கெண்டைக்காலும் காரின் விளிம்பைத் தொடும்வரை பின்னால் நகரட்டும். கதவில் கை வேண்டாம், கதவு ஆடும். ஒரு கை டேஷ்போர்டில், ஒரு கை சீட் முதுகில். தலையைக் குனிந்து மெதுவாக உட்கார்ந்த பிறகு, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பட்டும். துணிச் சீட்டில் இடுப்பு திரும்பாமல் ஒட்டும். பாசார் பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்து அதன்மேல் உட்கார்ந்தால் வழுக்கித் திரும்பும். திரும்பியதும் பையை உருவிவிடுங்கள், ஓடும் காரில் அது வழுக்கினால் சீட் பெல்ட்டுக்குக் கீழே சறுக்கிவிடுவார். இறங்கும்போது இதே வரிசை பின்னாலிருந்து: முதலில் இரண்டு காலும் வெளியே, பாதம் தரையில் படியட்டும், பிறகு எழுவது.

நாளைக்கு நடை இன்னும் குறைந்து சக்கர நாற்காலி தேவைப்பட்டால், ஆஸ்பத்திரிப் பயணத்துக்குப் பெரிய பின்சக்கர இரும்பு நாற்காலி வாங்காதீர்கள். 15 கிலோவுக்குக் குறையாது, டிரைவர் தூக்கத் தயங்குவார். சின்னச் சக்கர அலுமினிய நாற்காலி 8 முதல் 10 கிலோ, இன்னொருவர் தள்ளத்தான் முடியும், ஆனால் மடித்தால் எங்கும் நுழையும். பெஸ்ஸா கார் வந்தால் கவலையில்லை, அதன் பூட் 508 லிட்டர். மைவிக்கு 277 லிட்டர்தான், பின்சீட்டில் பாதியை மடிக்கவேண்டிவரும். பழைய டாக்சியில் என்.ஜி.வி. எரிவாயுத் தொட்டி இருந்தால் பூட்டே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேர் வண்டியாகக் கூப்பிட்டால் இந்தத் தலைவலி இல்லை, ஆனால் சில வண்டிகளின் சீட் உயரம் இவருக்கு அதிகம். ஒருமுறை ஏறிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.


ஜெட்டி_பினாங்கு எழுதியது:

பினாங்கிலிருந்து படிப்பவர்களுக்கு நான்கு வரி. எங்களுக்கு ரயில் இல்லை, எல்லாம் ரேப்பிட் பினாங்கு பஸ்தான். பெரும்பாலான தடங்கள் வெல்ட் கீ ஜெட்டியிலிருந்து கிளம்பி கொம்தார் வழியாகப் போகும். கொம்தாரில் ஏறினால் பல நேரம் உட்கார இடம் இருக்காது. முட்டிவலிக்காரர்கள் ஜெட்டியிலேயே ஏறுங்கள். ஆயர் ஈத்தாம், கொடிமலை அடிவாரத்துக்கு 204, தஞ்சோங் பூங்கா, பத்து ஃபெரிங்கி பக்கம் 101, பாலிக் பூலாவ் 401ஈ, தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்காவரை 10. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு மேலே ஏற ஐந்நூறுக்கு மேல் படி, பஸ் கீழேதான் விடும். ஜோர்ஜ்டவுன் நடுவில் கேட் பஸ் இலவசம், ஜெட்டிக்கும் கொம்தாருக்கும் நடுவில்.

ஃபெரியை (படகை) நம்பிக் காரில் வந்து இறக்கிவிடும் பழைய திட்டம் இனி இல்லை. 2023 ஆகஸ்டில் வந்த புதிய படகுகளில் ஆளும் மோட்டாரும் சைக்கிளும்தான், கார் ஏறாது. பட்டர்வொர்த் பக்கம் பினாங்கு சென்ட்ரல் பஸ் நிலையம், கே.டி.எம். நிலையம், ஃபெரி துறை மூன்றும் ஒன்றோடொன்று நடைபாதையில் இணைந்திருந்தாலும் அந்த நடை 400 மீட்டர்க்காரருக்கு நீளம். கேஎல்லிலிருந்து ஈ.டி.எஸ். ரயிலில் வரும் முதியவர் தீவுக்குப் போகவேண்டும் என்றால் பட்டர்வொர்த்திலேயே வண்டி ஏற்றி பாலத்தில் கூட்டி வாருங்கள்.


தண்டவாளம் எழுதியது:

தங்கச்சி, கடைசியாக ஒத்திகை. மூன்று முறை போய்வரச் சொல்லுங்கள். முதலில் ஞாயிறு காலை, நீங்கள் பக்கத்தில் நடந்து. அடுத்தது வேலை நாள் காலை 10 மணிக்கு, நீங்கள் பத்தடி பின்னால், வாயைத் திறக்காமல். எங்கே நின்று யோசிக்கிறார் என்று மட்டும் பாருங்கள்; பெரும்பாலும் லிஃப்டிலிருந்து வெளியே வந்ததும் இடமா வலமா என்ற இடத்தில்தான். அந்த இடங்களை மட்டும் பெரிய எழுத்தில், கருப்பு மார்க்கரில், மஞ்சள் அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். மூன்றாவது தடவை அவர் தனியாகப் போகட்டும், நீங்கள் எச்.கே.எல். நிலையத்தின் கதவுக்கு வெளியே காத்திருங்கள்.

கிளம்புமுன் ஒரு போன்: அன்றைக்கு அந்த நிலையத்து லிஃப்ட் ஓடுகிறதா என்று. பழுதுபார்ப்பு என்றால் அன்று கார். சட்டைப் பையில் இரண்டு பிஸ்கட் பாக்கெட், முக்கியமாக வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கும் நாளில். சர்க்கரை மருந்து சாப்பிடுகிறவர் கிளினிக் முடிந்து பசியோடு பிளாட்பாரத்தில் நிற்கக்கூடாது.